நெருப்பின் கணக்கு

இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றேனும் இல்லாத ஊர் இன்று நம் பக்கங்களில் அரிது. மாலை வேளையில் அவ்வழியே போகிறவர்களுக்கு அங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கும். முகத்தை மூடிக்கொண்டு ஓர் ஆள் குந்தியிருப்பான். அவன் கையிலுள்ள குச்சியின் நுனியில் மின்னலைப் போன்ற நீல வெளிச்சம் நடுங்கிக் கொண்டிருக்கும். பூவாணம் போலப் பொறிகள் சிதறும். குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்; "அதைப் பார்க்காதே, கண் கெட்டுவிடும்!" என்று தாய்மார்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். தாய்மார்கள் சொல்வது முற்றும் உண்மை. அவ்வெளிச்சத்தில் நம் கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கிரணங்களும் கலந்திருக்கின்றன. வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கு அன்றிரவு கண்ணில் மணலை வாரிக் கொட்டினாற்போல் உறுத்தல் எடுக்கும்.

ஆயினும் அந்த வெளிச்சத்தின் நடுவிலே என்ன நடக்கிறது என்று பார்த்தே தீர்வது என்று துணிந்தவர்கள் உண்டு. அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை, கணக்கால் பார்த்தார்கள். அந்தக் கணக்கின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

வெல்டிங் பட்டறைக்கும் குடும்பத்தாருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சமையலறையில் நிற்கும் காஸ் ஸிலிண்டரின் நடு வயிற்றைச் சற்றுத் தடவிப் பாருங்கள். கிண்ணம் போன்ற இரண்டு பாதிகளைச் சேர்த்த தழும்பு ஒன்று சுற்றிலும் ஓடுவது விரலுக்குத் தட்டுப்படும். அந்தத் தழும்பை நம்பித்தான் தினந்தோறும் அடுப்பை மூட்டுகிறோம். நாம் கடந்து போகும் எஃகுப் பாலங்களும், கடலில் மிதக்கும் கப்பல்களும், மின்சாரம் உண்டாக்கும் கொதிகலங்களும் இத்தகைய தழும்புகளாலேயே ஒன்றுபட்டு நிற்கின்றன. தழும்பு சரியாக இருந்தால் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு ஊர்க்காரர்கள் நேரிலேயே கண்டார்கள்.

1938ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் தேதி. பெல்ஜிய நாட்டில் ஹாஸெல்ட் என்னும் ஊர். ஆல்பர்ட் கால்வாயின் மீது முழுவதும் வெல்டிங்கினாலேயே கட்டப்பட்ட புத்தம் புதிய பாலம். காலையில் அதில் பீரங்கி வெடித்தாற்போல் ஒரு சப்தம் கேட்டது. கீழ்ப்பக்கத்து எஃகில் ஒரு பிளவு கண்டது. அடுத்த சில நிமிஷங்களில் பாலம் துண்டு துண்டாகக் கால்வாயில் விழுந்துவிட்டது. 1943ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி இரவு இதைவிடப் பெரிய அதிசயம் நிகழ்ந்தது. அமெரிக்காவில் ஆரெகான் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரில், புதிதாகக் கட்டி முடித்து வெள்ளோட்டமும் பார்த்துவிட்டு அலையில்லாத ஆற்று நீரில் சும்மா நின்றுகொண்டிருந்த 'ஸ்கெனெக்டடி' என்ற எண்ணெய்க் கப்பல், ஒருவரும் தொடாமலே நடு முதுகு ஒடிந்து போயிற்று. ஒரு மைலுக்கு அப்பாலும் அந்தச் சப்தம் கேட்டதாம். முனையும் பின்புறமும் ஆற்றின் அடியில் போய் உட்கார, நடுப்பாகம் நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. யுத்த காலத்தில் அவசரம் அவசரமாகக் கட்டிய சுமார் 2,700 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்களிலும் அநேகம் இவ்விதமே பிளவு கண்டன. சில இரண்டாகவே முறிந்தன.

குற்றத்தை முதலில் வெல்டர்களின் தலையிலேயே சுமத்தினார்கள். எளியவன் தலையில் பழி விழுவது எங்கும் உள்ள வழக்கந்தானே! கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார், அக்காலத்து எஃகே குளிரில் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையதாக இருந்தது என்று காட்டினார். ஆணி அடித்துச் சேர்த்த பழைய கப்பலில் ஒரு தகட்டில் தோன்றும் பிளவு அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலோ ஒரே தகடு. பிளவு எங்கும் நிற்காமல் ஓடும். ஆகவே, எஃகு, வடிவம், வேலைத்திறம் எல்லாமே ஆராயப்பட்டன. அவற்றோடு வேறொரு கேள்வியும் எழுந்தது: அந்த நெருப்பு ஓடிய வழியில் இரும்புக்கு என்ன நேருகிறது? எந்த இடம் எவ்வளவு சுட்டது, எவ்வளவு வேகத்தில் ஆறிற்று?

நெருப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டோம். அது உண்மையில் மின்சார வில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்சாரத்தைப் பாய்ச்சியபோது, இடையிலுள்ள காற்றே ஒளி வீசி, சூட்டினால் மேலெழும்பி வில்லைப் போல் வளைந்து நின்றது. பெயர் அப்படி வந்தது. அதைக் கொண்டு இரும்பை ஒட்டலாம் என்று 1880களில் கண்டவர் ருஷ்யாவைச் சேர்ந்த பெனார்டோஸ். கரிக்குப் பதில் உருகிச் சேரும் உலோகக் குச்சியையே அவர் நாட்டவரான ஸ்லாவ்யானோவ் 1888இல் பிடித்தார். அந்தக் குச்சிக்கு மேற்பூச்சுப் பூசிக் கொடுத்தவர் ஸ்வீடன் தேசத்துக் கெல்பெர்க். நம் பட்டறைக்காரர் கையில் இருக்கும் ராடு அந்த வமிசத்தில் பிறந்ததுதான்.

வில்லின் சூடு சுமார் 6,000 டிகிரியும் அதற்கு மேலும் போகும்; சில வகைகளில் 20,000 டிகிரியை எட்டும். சூரியனுடைய மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். இரும்போ 1,538 டிகிரியில் உருகிவிடும். (இக்கட்டுரையில் டிகிரி என்பதெல்லாம் சென்டிகிரேட் அளவே.) சுண்டு விரல் நகத்தளவு இடத்தில் சூரியனை இறக்கி வைத்து, ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தால் சற்று வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது! இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சாண் இரும்பில்தான் எல்லா விபரீதமும்.

என்ன விபரீதம் என்பதை நம் ஊர்க் கொல்லரே நன்கு அறிவார். கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்கள் இன்றும் இருப்பார்கள். பட்டையைச் சக்கரத்தைவிடச் சிறிது குறுகலாகவே செய்வார்கள். எருமூட்டத்தில் அதைச் சிவக்கக் காய்ச்சினால் விரியும். சக்கரத்தின் மேல் ஏற்றித் தண்ணீரைக் கொட்டினால் புகை கிளம்பச் சுருங்கி, ஆரக்கால்கள் கிரீச்சிடும்படி மரத்தைக் கவ்விக்கொள்ளும். சுருங்கும் இரும்பின் பிடி அவ்வளவு வலியது. வெல்டிங் செய்த தகட்டில் நடுவிலுள்ள தழும்பே பட்டை, சுற்றியுள்ள குளிர்ந்த எஃகே சக்கரம். சூடேறும்போது நடுப்பாகம் விரிய முயலுகிறது. பக்கத்து எஃகு விடுவதில்லை. ஆகவே நடுப்பாகம் நசுங்குகிறது. ஆறும்போது அது சுருங்க முயலுகிறது. அதற்கும் பக்கத்து எஃகு இடம் கொடுப்பதில்லை. முடிவில் ஒரு பாரமும் ஏற்றாத வெறும் தகட்டுக்குள்ளேயே ஓர் இழுவிசை சிறைப்பட்டுவிடுகிறது. சாதாரண எஃகில் அது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 கிலோ வரையிலும் ஏறும்; அதாவது எஃகு தாங்கிக்கொண்டு பழைய உருவுக்குத் திரும்பக்கூடிய எல்லை வரைக்கும். பாலத்தின் மேல் ஒரு வண்டி ஏறுவதற்கு முன்பே அந்த இடத்து இரும்பு தன் முழுப் பாரத்தையும் சுமந்துகொண்டிருக்கிறது.

இந்த விசையைக் கணக்கிட வேண்டுமானால் முதலில் உஷ்ணத்தைக் கணக்கிட வேண்டும்.

உஷ்ணம் பரவும் விதியை வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே. நெப்போலியனுடன் எகிப்துக்குப் போய்த் திரும்பிய அவர், தம் பெரு நூலை 1822இல் வெளியிட்டார். விதி எளிது. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வது போல் உஷ்ணம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாய்கிறது; சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வேகமாகப் பாய்கிறது. ஆனால் வெல்டிங்கில் ஒரு சங்கடம் உண்டு. அடுப்பு நின்ற இடத்தில் நிற்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு விநாடியும் மேடு வேறு, பள்ளம் வேறு.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் டேனியல் ரோஸந்தால். 1935இல், ஹாஸெல்ட் பாலம் விழுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், பிரஸ்ஸெல்ஸ் நகரில் கூடிய விஞ்ஞான மகாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். பிறகு அமெரிக்காவுக்குச் சென்று 1941இலும் 1946இலும் விரிவாக எழுதினார். அவர் கண்ட யுக்தியை நாம் இப்படிச் சொல்லலாம். சுவாமி புறப்பாட்டில் தீவட்டி பிடித்துப் போகிறவரைக் கவனியுங்கள். வீதியில் நிற்கும் நமக்கு வெளிச்சம் வருகிறது, பெருகுகிறது, குறைகிறது. தீவட்டிக்காரருக்கோ வெளிச்ச வட்டம் எப்போதும் ஒரே மாதிரி. அவர் போகுமிடமெல்லாம் அதுவும் கூடவே வருகிறது. வெல்டிங் குச்சி ஒரே வேகத்தில் சென்றால், அதன் நுனியில் உட்கார்ந்து பார்ப்பவனுக்குத் தன்னைச் சுற்றியுள்ள உஷ்ணம் மாறாமலே இருக்கும். காலம் என்னும் தொந்தரவு கணக்கிலிருந்து விலகிவிடுகிறது! இதைவிட அழகான தந்திரம் கணித சாஸ்திரத்தில் அதிகம் இல்லை என்பது நம் அபிப்பிராயம்.

பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளும் நமக்கு, ஒரு கணக்காவது போட்டுக் காட்டாமல் மேலே போக மனம் வராது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். குச்சியில் 25 வோல்ட்டும் 160 ஆம்பியரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 4,000 வாட். இதில் கால் பங்கு காற்றிலும் வெளிச்சத்திலும் பொறியிலும் வீணாகிறது; மீதி 3,000 வாட் இரும்பில் இறங்குகிறது. குச்சி விநாடிக்கு 3 மில்லிமீட்டர் நகருகிறது. ஆக, தழும்பின் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் 1,000 ஜூல் வெப்பம். தகடு நல்ல கனமானது. இனி, வில்லுக்கு நேர் பின்னால் 10 மில்லிமீட்டர் தூரத்தில் சூடு என்ன? ரோஸந்தாலின் சூத்திரப்படி, 3,000ஐ 6.28ஆலும், எஃகின் கடத்தும் சக்தியாகிய 0.04ஆலும், தூரமாகிய 10ஆலும் வகுக்க வேண்டும். விடை 1,194. அறையின் சூட்டைவிட அவ்வளவு டிகிரி அதிகம். வில்லுக்கு நேர் முன்னால் அதே 10 மில்லிமீட்டரில்? இங்கே குச்சியின் வேகமும் கணக்கில் சேருகிறது. விடை வெறும் 43 டிகிரி!

அதே தூரம், பின்னே இரும்பு செக்கச் செவேலென்று ஜொலிக்கிறது, முன்னே தயிர்க்காரியின் சட்டி போல் இருக்கிறது. படகு போகும்போது முன்னால் அலைகள் நெருங்கியும் பின்னால் விரிந்து நீண்டும் இருப்பதைப் போலவே, சம உஷ்ணக் கோடுகள் முன்னால் நெருங்கிப் பின்னால் வால் நட்சத்திரம் போல் நீண்டு கிடக்கின்றன. எந்த வெல்டருக்கும் இது கண்ட காட்சி. குச்சியை வேகமாக ஓட்டினால் முன்னே இரும்பு காய்வதற்குள் போய்விடும் என்று அவர் அறிவார். நேர் பின்னால் மட்டும் சூத்திரத்தில் வேகம் வருவதே இல்லை என்பது அவருக்கும் புதுமையாக இருக்கக்கூடும்.

இவ்வளவு நன்றாக இருக்கும் சூத்திரத்தில் ஓர் ஓட்டை உண்டு. தூரத்தை 10இலிருந்து 1 ஆக்கிப் பாருங்கள். 11,940 டிகிரி வரும். அரை மில்லிமீட்டரில் அதற்கு இரட்டிப்பு. வில்லின் அடியிலேயே முடிவிலி! இரும்போ 2,860 டிகிரி வாக்கில் கொதித்து ஆவியாகிவிடும். நெருப்பு முழுவதும் ஊசி முனையளவுகூட இடமில்லாத ஒரு புள்ளியில் விழுவதாகப் பாவித்ததன் பலன் இது. எட்ட நின்று பார்த்தால் சரியான விடை. கிட்டப் போனால் கட்டுக்கதை. இரும்பு உருகுவதும் கிட்டத்தில்தான், நமக்கு வேண்டியதும் கிட்டத்தில்தான்.

ஆகவே பின்வந்தவர்கள் அந்தப் புள்ளியைப் பரப்பினார்கள். 1969இல் பாவெலிக்கும் அவருடைய தோழர்களும், களத்தில் கொட்டிய நெல் அம்பாரம் போல நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும் விதமாக வெப்பம் மேற்பரப்பில் விழுவதாக வைத்தார்கள். ஆனால் வில் மேலே மட்டுமா சுடுகிறது? உருகிய உலோகத்தை அழுத்தி உள்ளேயும் தோண்டுகிறதே! 1984இல் கனடா தேசத்து ஓட்டாவா நகரில், கார்லட்டன் சர்வகலாசாலையின் கோல்டாக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், வெப்பத்துக்குக் கனமும் கொடுத்தார்கள். நீளவாக்கில் அறுத்த மாம்பழக் கதுப்பு ஒன்றைத் தட்டையான பக்கம் மேலாக இரும்பில் புதைத்தது போன்ற வடிவம். முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம். இன்றும் உலகெங்கும் வெல்டிங் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாங்கதுப்பைத்தான் எடுத்து ஆளுகிறார்கள்.

வடிவம் இவ்வளவு சிக்கலானதும், காகிதத்தில் எழுதும் சூத்திரம் கைவிட்டுவிடுகிறது. அதோடு எஃகும் ஒரே நிலையில் இருப்பதில்லை. அறைச் சூட்டில் உஷ்ணத்தை நன்றாகக் கடத்தும் எஃகு, 800 டிகிரியில் அதில் பாதி அளவே கடத்துகிறது. (முன்பு நாம் எடுத்துக்கொண்ட 0.04 என்பது ஒரு நடுத்தர மதிப்பு.) 700 டிகிரியைத் தாண்டியதும் உள்ளே அணுக்களின் அமைப்பு மாறுவதற்காகச் சூட்டை ஏராளமாக விழுங்குகிறது. உருகும்போது கிராம் ஒன்றுக்குச் சுமார் 250 ஜூலை ஏப்பம் விட்டுவிட்டு, உறையும்போது திருப்பிக் கொடுக்கிறது. இத்தனை குணமாற்றங்களையும் ஒரே சூத்திரத்தில் அடக்க எந்த மேதையாலும் ஆகாது.

அப்போதுதான் இன்னொரு மார்க்கம் பிறந்தது. இரும்பை முழுசாகப் பார்க்க வேண்டாம். சிறு சிறு கட்டங்களாக வெட்டு. காலத்தையும் சிறு சிறு துளிகளாக வெட்டு. ஒவ்வொரு துளியிலும் ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தோடு செய்யும் கொடுக்கல் வாங்கலை மட்டும் எழுது! பலசரக்குக் கடைக்காரர் பேரேடு எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. வீட்டில் குழந்தைகளே இதைச் செய்து பார்க்கலாம். ஓர் இரும்புக் கம்பியை ஏழு கட்டமாகப் பிரித்து, நடுக்கட்டத்தில் மட்டும் 1,600 டிகிரி இருப்பதாக எழுதுங்கள்:

0, 0, 0, 1600, 0, 0, 0

விதி இதுதான்: ஒரு கட்டத்தின் புதிய சூடு வேண்டுமானால், அதன் பழைய சூட்டை இரட்டித்து, இருபுறத்து அண்டைக் கட்டங்களின் சூட்டையும் கூட்டி, நாலால் வகுக்க வேண்டும். முதல் துளி கழிந்ததும்:

0, 0, 400, 800, 400, 0, 0

இரண்டாம் துளியில்:

0, 100, 400, 600, 400, 100, 0

மூன்றாம் துளியில்:

25, 150, 375, 500, 375, 150, 25

எந்த வரியைக் கூட்டினாலும் அதே 1,600 வருவதைப் பாருங்கள். வெப்பம் இடம் மாறிற்றே தவிர, தொலையவில்லை. கடைசி வரியை 25ஆல் வகுத்தால் 1, 6, 15, 20, 15, 6, 1 என்று வரும். பிங்கலரின் சந்தஸ் சாஸ்திரத்துக்கு உரை செய்த ஹலாயுதர் பத்தாம் நூற்றாண்டில் விவரித்த மேருப் பிரஸ்தாரத்தில் இருக்கும் எண்களே இவை! செய்யுளின் குறில் நெடில்களை எண்ணப் புகுந்த இடத்திலும், காய்ந்த இரும்பு ஆறும் இடத்திலும் ஒரே எண்கள் எதிர்ப்படுவதைக் கண்டு வகுப்பில் பிள்ளைகள் ஆச்சரியப்படுவதுண்டு. நமக்கும் அந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

ஒரு மில்லிமீட்டர் கட்டமானால், எஃகில் மேற்சொன்ன ஒரு துளி என்பது ஒரு விநாடியில் 36இல் ஒரு பங்கு. அவசரப்பட்டுத் துளியை நாலு மடங்கு பெரிதாக்கினால் வினை வந்துவிடும். அப்போது விதி, 'அண்டைக் கட்டங்கள் இரண்டையும் கூட்டித் தன் சூட்டைக் கழி' என்று மாறும். நடுக்கட்டம் ஒரே தாவலில் 1,600 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழே 1,600 டிகிரிக்குப் போய்விழும்! பிரபஞ்சத்தில் எந்தப் பொருளும் பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரிக்கு மேல் குளிர முடியாது. அடுத்த தாவலில் அதே கட்டம் 4,800 டிகிரிக்கு எகிறும். கணக்குப் பைத்தியம் பிடித்து ஆடுவது என்பது இதுதான். 1947இல் ஜான் கிராங்க் என்பவரும் பிலிஸ் நிக்கல்ஸன் என்ற பெண்மணியும் இந்தப் பைத்தியத்துக்கு மருந்து கண்டார்கள். பழைய சூட்டை மட்டும் பார்க்காமல், பழையதுக்கும் புதியதுக்கும் நடுவில் நின்று கணக்கிடும் அவர்களுடைய முறையில் துளி பெரிதானாலும் விடை இவ்வாறு எகிறிக்கொண்டே போவதில்லை.

முறை கிடைத்தது, போடுவதற்கு ஆள்? யந்திரம் இல்லாத காலத்தில் இக்கணக்குகளை மனிதர்களே போட்டார்கள். 1910 வாக்கில் இங்கிலாந்தில் ரிச்சர்ட்ஸன் என்பவர், நைல் நதியின் அஸ்வான் அணைக்கட்டுக்குள் விசை எப்படிப் பரவுகிறது என்பதைக் கட்டம் கட்டமாகக் கணக்கிட்டார். இதற்காகப் பையன்களை அமர்த்தி, கட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினார். தப்பாகப் போட்டதற்குக் கூலி கிடையாது. மிகச் சுறுசுறுப்பான பையன் மூன்றிலக்க எண்களில் வாரத்துக்கு 2,000 கணக்கு முடித்தானாம். (அந்தப் பையனை நம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள நாம் தயார்.)

அந்தப் பையனிடம் ஒரு வெல்டிங் வேலையைக் கொடுத்துப் பார்ப்போம். 200 மில்லிமீட்டர் நீளம், 100 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு. ஒரு மில்லிமீட்டர் கட்டங்களாக வெட்டினால் 2 லட்சம் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்போது மேல், கீழ் உட்பட ஆறு அண்டை வீடுகள் இருப்பதால் துளியை இன்னும் சிறிதாக்கி, விநாடிக்கு 60 என்று கொள்ள வேண்டும். குச்சி அத்தகட்டைக் கடக்க 67 விநாடி. அதாவது சுமார் 4,000 துளிகள். ஆக மொத்தம் 80 கோடி கணக்குகள். வாரத்துக்கு 2,000 வீதம் போட்டால் 4 லட்சம் வாரம். சுமார் 7,700 வருஷம்! இன்று மேஜை மேல் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர் இதைச் சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறது. ஆகாய விமானத்தின் இறகுகளுக்காக வளர்ந்து, 1960இல் கிளஃப் என்ற அமெரிக்கரால் பெயர் சூட்டப்பெற்ற 'பகுதிக்கூறு' முறையில், வில்லுக்கு அருகே கட்டங்களைப் பொடியாகவும் தூரத்தில் பெரிதாகவும் வைத்துக்கொள்ளலாம். உஷ்ணம் தெரிந்ததும், அதைத் தொடர்ந்து ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு விரிந்தது, எவ்வளவு நசுங்கியது, முடிவில் எந்த விசை சிறைப்பட்டது என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது. நாலு தகடுகளை எந்த வரிசையில் ஒட்டினால் கோணல் குறையும் என்பதை, ஒரு தகட்டையும் பாழாக்காமல் அறியலாம்.

* * *

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த வித்தையில் நமக்குள்ள ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். கோல்டாக்கின் மாங்கதுப்பு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று அந்த முறை தானாகச் சொல்வதில்லை. ஒரு தகட்டை உண்மையிலேயே வெல்டிங் செய்து, குறுக்கே அறுத்து, மெருகிட்டு, அமிலம் தடவி, உருகிய பாகத்தின் எல்லையைப் பார்த்து அளவெடுத்து, அந்த அளவுகளையே கணக்கில் புகுத்துகிறார்கள். பிறகு, "பாருங்கள், கணக்கில் உருகிய பாகமும் உண்மையில் உருகிய பாகமும் ஒத்திருக்கின்றன!" என்று படம் போடுகிறார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கை அதற்கேற்ப வளைக்கும் மாணவனை நாம் என்ன சொல்வோம்? ஆனால் அந்த மாணவனுக்கும் நியாயம் வழங்க வேண்டும். உருகிய பாகத்துக்கு மட்டுமே அவன் விடையைப் பார்த்தான். தூரத்தில் ஓரிடத்துச் சூடு, ஆறும் வேகம், சிறைப்பட்ட விசை ஆகியவற்றின் விடை அந்தப் பக்கத்தில் இல்லை. அவற்றைத் தகட்டில் பதித்த வெப்பமானிக் கம்பிகளாலும், நியூட்ரான் கதிர்களைச் செலுத்தியும் தனியே அளந்து ஒத்துப் பார்க்கிறார்கள். அங்கே ஒத்தால்தான் கணக்குக்கு மதிப்பு.

வில்லின் சூட்டில் எத்தனை பங்கு இரும்பில் இறங்குகிறது என்பதும் சந்தேகத்துக்கு இடமானதே. நாம் முக்கால் என்று வைத்தோம். மண் போன்ற பொடியின் அடியில் மறைந்து எரியும் வில்லில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இறங்கும். இந்தப் பங்கில் நூற்றுக்குப் பத்து தவறினால் விடையில் வரும் ஒவ்வொரு டிகிரியிலும் நூற்றுக்குப் பத்து தவறும்.

இன்னும் விசித்திரமான சங்கதி ஒன்று உண்டு. ஒரே பெயர், ஒரே தரம் உள்ள இரண்டு துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள்; ஒரே மின்சாரம், ஒரே வேகம், ஒரே கை. ஒன்றில் உருகல் குறுகி ஆழமாக இறங்குகிறது. மற்றொன்றில் அகன்று மேலோடு நின்றுவிடுகிறது. வெகுநாள் இது மர்மமாக இருந்தது. 1982இல் ஹைப்பில், ரோப்பர் என்ற இரு அமெரிக்கர்கள் காரணத்தை விளக்கினார்கள். எஃகில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு இருக்கும் கந்தகந்தான் சூத்திரதாரி! கந்தகம் மிகக் குறைவானால் உருகிய உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடி வெப்பத்தைப் பக்கவாட்டில் கொண்டு போகிறது. சற்று அதிகமானால் ஓட்டம் திசை மாறி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து அடியில் பாய்ந்து ஆழத் தோண்டுகிறது. அந்தச் சிறு உலோகக் குட்டைக்குள் நீரோட்டம் வேறு இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்காதவன், கட்டங்களை எவ்வளவு பொடியாக வெட்டினாலும் பயன் இல்லை.

கணக்கின் பலன் பட்டறைக்கு எப்படி வந்து சேருகிறது என்று பார்ப்போம். வெல்டிங்கில் உயிர்நாடியான எண் ஒன்று இருக்கிறது: தழும்பின் அருகிலுள்ள எஃகு 800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு ஆற எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறது என்பது. மெதுவாக ஆறினால் எஃகு பதமாக இருக்கும். வெடுக்கென்று ஆறினால், சில வகை எஃகுகள் மார்டென்ஸைட் என்னும் கெட்டியான, நொறுங்கும் உருவை அடைந்துவிடும். ராடின் மேற்பூச்சில் ஈரம் இருந்தால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜனும் உள்ளே புகுந்துகொள்ளும். அன்று மாலை சோதித்தபோது குற்றமற்ற தழும்பு, இரண்டு நாள் கழித்துத் தானே பிளந்து நிற்கும்! முன்பு போட்ட அதே கணக்கில், 30 டிகிரி அறைச் சூட்டில் கனத்த தகட்டுக்கு அந்த ஆறும் காலம் 3.3 விநாடிதான். தகட்டை முன்னதாகவே 200 டிகிரிக்குக் காய்ச்சிக்கொண்டு வேலையைத் தொடங்கினால் 6.6 விநாடி, சரியாக இரட்டிப்பு. அந்த மூன்றே கால் விநாடி அவகாசத்தில் ஒரு கொதிகலத்தின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

நம் திருச்சிராப்பள்ளியில், கொதிகலங்கள் செய்யும் பாரத மிகுமின் நிறுவனத்தார் 1975இல் அமைத்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நூற்றுக்கு ஒன்பது பங்கு குரோமியம் சேர்ந்த நீராவிக் குழாய் எஃகு போன்றவற்றை, காய்ச்சாமல் ஒட்டத் துணிகிறவர் யாரும் இல்லை. எவ்வளவு காய்ச்சுவது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது, பிறகு எப்படி ஆற்றுவது என்பதெல்லாம் வெல்டரின் கைக்கு ஒரு காகிதமாக வந்து சேரும். அதில் நுண்கணிதம் ஒரு வரியும் இராது. ஆம்பியர் இவ்வளவு, வேகம் இவ்வளவு, சூடு இவ்வளவு என்று மட்டும் இருக்கும். சூட்டை அறிய அவரிடம் ஒரு சிறு கருவி உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் வண்ண மெழுகுக் குச்சி போன்ற ஒன்று. பக்கத்தில் அச்சிட்ட டிகிரி வந்தால் மட்டுமே உருகும்படி செய்யப்பட்டது. தகட்டின் மேல் அதனால் ஒரு கோடு இழுக்கிறார். கோடு சுண்ணாம்புக் கட்டியால் எழுதினது போல் உலர்ந்து நின்றால் இன்னும் காய்ச்சுகிறார். உருகிப் பளபளத்தால் முகமூடியை இறக்கிக்கொண்டு வில்லை மூட்டுகிறார்.